விடியலில் கறுத்த குளம்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான்காவது முறையாகச் சொல்லிவிட்டு, கண்ணாயி வாழவந்தி நாட்டிலிருந்து செம்மேட்டுக்குப் பஸ் ஏறினாள். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு நோட்டீஸும் அதோடு பின் குத்திய ஒரு படமும் இருந்தன. வழி நெடுக அவள் பையைத் திறக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவளுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் காடு. மலையில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். புருஷன் திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்குப் போய்விட்டதால், உழுவதும் நடுவதும் பிடுங்குவதும் அவள்தான். பட்டாவும் அவள் பேரில்தான் இருந்தது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. தொடர்ந்து இரண்டு வருடம் தரிசாகப் போட்டால் பட்டா ரத்தாகும். அந்தச் சரிவில் சுற்றுலா விடுதி கட்ட ஒரு கம்பெனி இடம் தேடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காக நில ஆலோசகர் பாலசுப்பிரமணியம் என்பவர் தாலுகா அலுவலகத்தில் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். ‘மேற்படி நிலம் பயிரிடப்படாத கல்தரிசு’ என்றது அறிக்கை. அதற்குச் சாட்சிதான் அந்தப் படம். அலுவலகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. விசாரணை வியாழக்கிழமை.

நோட்டீஸ் வந்த மறுநாளே பாலசுப்பிரமணியம் அவள் வீட்டுக்கு வந்தார். விசாரணையில் தோற்றால் ஒன்றுமே மிஞ்சாது, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் கம்பெனி வேறு வழி செய்யும் என்று மிக மரியாதையாகச் சொன்னார். பிறகும் மூன்று தடவை வந்தார். வரும்போதெல்லாம் பேனாவைத் திறந்து நீட்டினார்.

செம்மேட்டில் வேளாண்மை அலுவலகத்துக்குப் பின்னால், கம்பிவேலி போட்ட ஒரு சின்னப் புல்தரை உண்டு. மழைமானியும், வெள்ளைச் சட்டம் அடித்த பெட்டிக்குள் வெப்பமானிகளும், மண்ணில் செருகிய கண்ணாடிக் குழாய்களும் அங்கே இருந்தன. அவற்றைத் தினமும் இரண்டு வேளை படித்துக் குறிப்பவர் பிரிசில்லா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து பதினோரு வருடம். சந்தையில் விதை மூட்டைகள் மாறிப்போனதையும், கூட்டுறவுக் கிடங்கில் மிளகு ஈரமானதையும் கண்டுபிடித்துக் கொடுத்தது அவர்தான் என்று ஊரில் பேச்சு. கண்ணாயி அவரைத் தேடித்தான் வந்தாள்.

பிரிசில்லா குழாயைப் படித்து முடிக்கும் வரை கண்ணாயி வேலிக்கு வெளியே நின்றாள். அலுவலக ஜீப் ஓட்டும் மணிவண்ணன் அதற்குள் பாதிக் கதையைக் கேட்டு வாங்கிவிட்டார். நாற்பது வயதைக் கடந்த அந்தச் சேந்தமங்கலத்துக்காரருக்கு எதையும் முதலில் தெரிந்துகொண்டாக வேண்டும். பிரிசில்லா அலுவலகத்துக்குள் வந்து உட்கார்வதற்கு முன்பே குற்றவாளியையும் தீர்மானித்துவிட்டார். டிரோன் பறக்கவிட்ட பையன் யுவராஜ்தான் கம்ப்யூட்டரில் படத்தை மாற்றியிருக்கிறான் என்றார்.

பிரிசில்லா படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். அது வெப்பப்படம். மேலிருந்து டிரோன் எடுத்தது. சூடான இடம் வெள்ளையாகவும் குளிர்ந்த இடம் கறுப்பாகவும் விழும். கண்ணாயியின் காடு வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்துப் பாறையும் தார் ரோடும் அப்படியே. நடுவில் குளம் கரிக்கட்டி போலக் கறுத்துக் கிடந்தது. கரையோரம் அவளுடைய கொட்டகை ஒரு வெள்ளைச் சதுரம். படத்தின் கீழே ‘ஜனவரி 20, காலை 6.10’ என்று அச்சிட்டிருந்தது. பயிர் இருந்தால் காடு கறுப்பாகத் தெரியும், பாறையைப் போல வெள்ளையாக இருப்பதால் வெறும் தரிசு என்பது அறிக்கையின் வாதம்.

“இது உங்க காடுதானா?” என்று கேட்டார் பிரிசில்லா.

“எம்பட காடுதானுங்க. வரப்பு தெரியுது, கொளம் தெரியுது. ஆனா தையில அங்க ஆள் ஒசரத்துக்குக் குச்சி நின்னுச்சு. மாசியிலதான் புடுங்குனேன்.” குச்சி என்று அவள் சொன்னது மரவள்ளியை. “கெழங்கு வாங்கற லாரிக்காரன் சீட்டு ஒண்ணும் குடுக்கறதில்லீங்க. அடுத்த நடவுக்குக் கட்டி வெச்ச குச்சிய அந்தக் கம்பெனி ஆளுகிட்டக் காட்டுனேன். யாருகிட்டயோ வாங்கி அடுக்கியிருக்கேன்னு சொல்றாரு.”

சொல்லிவிட்டு மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிரிசில்லா கேட்ட கேள்விகள் அவளுக்கு விசித்திரமாகப் பட்டன. கொட்டகைக்கு என்ன கூரை என்றார். போன ஐப்பசி வரை போதைப்புல் என்ற மலைப்புல் வேய்ந்திருந்தது, மழையில் இற்றுப்போனதால் புதுத் தகரம் போட்டேன் என்றாள் கண்ணாயி. படத்தின் வலது ஓரம் இப்படியே வெட்டித்தான் வந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அறிக்கையோடு வேறு காகிதம் உண்டா என்று கேட்டபோது, நோட்டீஸுக்குப் பின்னால் மடித்திருந்த, அதுவரை அவள் பிரித்துப் பார்க்காத இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று பாலசுப்பிரமணியத்தின் கடிதம். இன்னொன்று பக்கத்துக் காட்டுக்காரர் ராசப்பனின் வாக்குமூலம். அவள் காதில் விழட்டும் என்று மணிவண்ணன் அதைச் சத்தமாக வாசித்தார். ‘படம் எடுத்த அன்று விடியற்காலை நான் குளக்கரையில் நின்றிருந்தேன். முகம் கழுவப் போனபோது தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குப் பனிக்கட்டி போல் இருந்தது. நிலத்தில் பயிர் ஏதும் இல்லை.’

கண்ணாயி நம்ப முடியாமல் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். ராசப்பன் அவளுக்கு அண்ணன் முறை. போன வருடம் அவள் காட்டில் களை எடுக்க அவர் சம்சாரமும் வந்திருந்தாள்.

“யுவராஜ்தான்னு சொன்னேன்ல மேடம்?” என்றார் மணிவண்ணன்.

“படத்துல பொய் இல்ல மணி. அதுக்குக் கீழ எழுதியிருக்கறதுலதான் சந்தேகம். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி வாழவந்தி நாட்டுல இருக்கணும். ஜீப்பை எடுத்துட்டு வந்துருங்க.”

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மூவரும் குளக்கரையில் நின்றார்கள். பங்குனி பிறந்தும் மலையில் விடியல் குளிர் விட்டபாடில்லை. மணிவண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பற்கள் கிட்டிக்க நின்றார். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்களே, அது போன்ற ஒரு துப்பாக்கி பிரிசில்லாவிடம் இருந்தது. ஆனால் இது மண்ணுக்கும் கல்லுக்கும் ஆனது. தொடாமலே சூட்டைச் சொல்லும்.

“எந்தப் பொருளும் தன்கிட்ட இருக்கற சூட்டை வெளிய விட்டுக்கிட்டேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இந்தத் துப்பாக்கி அதைத்தான் வாங்கிப் பாக்குது. டிரோன் கேமராவும் அதையேதான் பாக்குது” என்றார் பிரிசில்லா. “மண்ணு சூடானா அது வெளிய விடுறதும் கூடும். சூடு ஏறுற வேகத்தைவிட அது இன்னும் வேகமா ஏறும். விடியல்ல ஒரு பங்கு விடுற மண்ணு, உச்சி வெயில்ல ஒன்றரைப் பங்குக்கு மேல விடும்.”

அவர் வெறும் மண்ணுக்கு நேரே துப்பாக்கியைப் பிடித்தார். பதினான்கு என்றது. பாறை பத்தொன்பது. குளம் இருபத்திரண்டு. ராத்திரி முழுக்க வானம் மேகமில்லாமல் இருந்ததால் மண் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிர்ந்துபோயிருக்கிறது, ஆழமான தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது என்றார்.

கண்ணாயிக்கு இது புதிதாகப் படவில்லை. குனிந்து தண்ணீரில் கையை விட்டாள். “இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்க. மார்கழி தையில ஊட்ல இருக்கற தண்ணியத் தொட முடியாது. கொளத்துல எறங்குனா வெதுவெதுன்னு இருக்கும். ஆவி பறக்கும்.” சொல்லி முடித்ததும் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து பிரிசில்லாவைப் பார்த்தாள். “அப்ப விடியக்கால எடுத்த படத்துல கொளமில்ல வெள்ளையா இருக்கணும்?”

பிரிசில்லா தலையசைத்தார். அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நான்கு முறை பேனாவை நீட்டிய மனுஷன் முகம் கண்முன் வந்தது.

அந்நேரம் ராசப்பன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கண்ணாயியைக் கண்டதும் வழியை மாற்றப் பார்த்தார். பிரிசில்லா வணக்கம் சொல்லி நிறுத்தினார். வாக்குமூலம் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. வானிலைக் குறிப்புக்காகக் கேட்பது போல, தை மாதத்து விடியலில் இந்தக் குளத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று விசாரித்தார்.

“வெதுவெதுன்னுதானுங்க இருக்கும். மாடு கழுவ நாங்க அதுலதான் எறங்குவோம்” என்றார் ராசப்பன். சொல்லிவிட்டு மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனார்.

கண்ணாயிக்கு அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. பிரிசில்லா வியாழக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

உச்சிப் பொழுதுவரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். கண்ணாயி கேழ்வரகுக் களியும் கீரையும் கொடுத்தாள். வெயில் ஏறியதும் பிரிசில்லா மறுபடி அளந்தார். எல்லாம் தலைகீழாகிவிட்டது. மண் ஐம்பத்தொன்று, பாறை நாற்பத்தாறு, குளம் இருபத்தாறு. மணிவண்ணன் கொட்டகைத் தகரத்தைத் தொட்டுவிட்டுச் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். ஆனால் துப்பாக்கியை நீட்டியபோது அது ஒன்பது என்றது. மெஷின் கெட்டுவிட்டது என்றார் மணிவண்ணன். பிரிசில்லா கொஞ்சம் சேற்றை எடுத்துத் தகரத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பூசச் சொன்னார். காய்ந்ததும் அந்த இடத்தை அளந்தார். ஐம்பத்தைந்து.

பிரிசில்லா ஒன்றும் விளக்காமல் எல்லா எண்களையும் நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தாசில்தார் அறையில் ஏழெட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தாசில்தார் அருணா பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகிறது. யாரையும் இடைமறிக்காமல் கேட்பவர். பாலசுப்பிரமணியம் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ராசப்பன் சுவரோரம் ஒதுங்கியிருந்தார். பிரிசில்லா கேட்டுக்கொண்டபடி யுவராஜையும் வரவழைத்திருந்தார்கள். நாமக்கல்லில் கல்யாண வீடுகளுக்கும் சர்வே வேலைக்கும் டிரோன் ஓட்டுபவன். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் விழித்தான்.

கண்ணாயியைப் பின்னால் உட்காரச் சொன்னார் உதவியாளர். “எம்பட காட்டப் பத்தித்தானே பேசறீங்க? நான் முன்னாலயே இருக்கறேன்” என்று சொல்லி அவள் மேஜைக்கு எதிரே போய் நின்றாள். அருணா அவளுக்கு ஒரு நாற்காலியைத் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

பாலசுப்பிரமணியம் தன் அறிக்கையைத் தெளிவாக எடுத்துரைத்தார். கருவிக்குச் சொந்தபந்தம் கிடையாது, அது பார்த்ததைச் சொல்லும் என்றார்.

“அது சரிதான்” என்று எழுந்தார் பிரிசில்லா. “கருவி பாத்தது என்னன்னு நாமும் பாப்போம்.” மூன்று நாள் முன்பு விடியலிலும் உச்சியிலும் எடுத்த எண்களை வாசித்துக் காட்டினார். பிறகு படத்தை மேஜைமேல் வைத்தார். “விடியல்ல குளம்தான் சூடு. மண்ணு குளிர்ச்சி. இந்தப் படத்துல மண்ணு வெள்ளை, குளம் கறுப்பு. இப்படி ஒரு விடியல் இந்த மலையில வராது மேடம். இது உச்சி வெயில்ல எடுத்த படம்.”

அருணா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். தான் பிறந்த ஊரிலும் பனிக்காலத்து விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

பாலசுப்பிரமணியம் அசரவில்லை. நேரம் தட்டச்சில் தவறியிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். “மதியம்னே இருக்கட்டும். தேதி ஜனவரி இருபதுதான். அன்னிக்கு மதியம் நிலம் வெறும் தரிசா இருந்துச்சு. இந்தம்மா சொல்ற மரவள்ளி எங்க?”

அந்த மனுஷன் கையில் மீன் போல வழுக்குகிறார் என்று கண்ணாயி நினைத்தாள். ஆனாலும் கண்ணைத் தாழ்த்தாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரிசில்லா டீ கேட்டார். எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்க டீ வந்தது. டம்ளரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கும்படி தாசில்தாரிடம் சொன்னார். அருணா விரலை வைத்தவுடன் எடுத்துக்கொண்டார். பிரிசில்லா துப்பாக்கியைப் பிடித்தார். முப்பத்தொன்று என்று காட்டியது. பிறகு டம்ளரில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, சற்றுப் பொறுத்து, அதற்கு நேரே பிடித்தார். அறுபத்தெட்டு.

“பளபளக்கிற உலோகம் எவ்வளவு சூடா இருந்தாலும் சூட்டை வெளிய விடுறது ரொம்பக் கம்மி. கண்ணாடி மாதிரி எதிர்ல இருக்கறதைத்தான் திருப்பிக் காட்டும். வானத்தைப் பாத்துக் கிடக்கற புதுத் தகரம் வானத்தோட குளிர்ச்சியைத்தான் காட்டும். அதனால வெப்பப்படத்துல புதுத் தகரக் கூரை விடியல்லயும் கறுப்புதான், மதியத்துலயும் கறுப்புதான்.” படத்திலிருந்த வெள்ளைச் சதுரத்தின் மேல் விரலை வைத்தார். “இந்தக் கூரை வெள்ளையா இருக்கு. இது தகரம் இல்ல, புல்லு. கண்ணாயி கொட்டகைக்குத் தகரம் போட்டது போன ஐப்பசியில. அதனால இந்தப் படம் அதுக்கு முன்னாடி எடுத்தது. இந்த ஜனவரியில எடுத்ததா இருக்க முடியாது. நடவுக்கு முன்னால, சித்திரை வெயில்ல, உழுது போட்ட காடு இது. அந்த நாள்ல எல்லார் காடும் இப்படித்தான் வெறுமையா இருக்கும்.”

மணிவண்ணன் கதவோரத்தில் நின்று யுவராஜையே முறைத்துக்கொண்டிருந்தார். பாலசுப்பிரமணியமும் அந்தப் பக்கம் திரும்பினார். படம் கொடுத்தது டிரோன்காரர்தான், பழைய படத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் தனக்கெப்படித் தெரியும் என்றார். யுவராஜ் முகம் வெளுத்தது. தான் அறிக்கையைப் பார்த்ததே இல்லை என்று தடுமாறினான்.

“அவர் இல்ல” என்றார் பிரிசில்லா. “உங்க கடிதத்துல ரெண்டாம் பத்தியைக் கொஞ்சம் வாசிங்க சார்.”

அவர் வாசிக்கத் தயங்கியதால் அருணாவே வாசித்தார். ‘குளத்தின் வடகரையில் உள்ள புதிய தகரக் கொட்டகையிலிருந்து பாறை வரையிலான பரப்பு முழுவதும் தரிசு.’

“நாலு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கேன். கொட்டகையைப் பாத்திருக்கேன்” என்றார் பாலசுப்பிரமணியம்.

“நீங்க போனது நோட்டீசுக்கு அப்புறம். கடிதத்துல தேதி ஜனவரி இருபத்தேழு. அதுக்கு முன்னால நேர்ல போகலை, படத்தை மட்டும் வெச்சு எழுதினேன்னு முதல் பத்தியில நீங்களே சொல்லியிருக்கீங்க. உங்க படத்துல இருக்கறது புல்லுக் கூரை. தகரக் கூரை இருக்கறது உண்மையான ஜனவரிப் படத்துல மட்டும்தான். அதை நீங்க பாத்திருக்கீங்க. அதுல மரவள்ளி நின்னுச்சு. அதனால அதை எடுத்து வெச்சுட்டு, பழைய படத்துக்குப் புதுத் தேதி போட்டீங்க. வெப்பப்படத்தோட ஓரத்துல எது எத்தனை டிகிரின்னு சொல்ற பட்டை ஒண்ணு இருக்கும். ஐம்பதுன்னு அதுல இருந்தா தை மாச விடியல்னு யாரும் நம்ப மாட்டாங்க. அதனால ஓரத்தை வெட்டிட்டீங்க.”

யுவராஜ் எழுந்தான். ஜனவரிப் படங்களின் நகல் தன் போனில் இருக்கிறது என்றான். தேடி எடுத்து தாசில்தாரிடம் நீட்டினான். ரோட்டு வேலைக்காக இரண்டு வருடத்துக்கு முன்பு சித்திரையில் அதே இடத்தைப் படம் பிடித்ததாகவும், அந்தப் படங்களும் பாலசுப்பிரமணியம் சாரிடம்தான் இருந்தன என்றும் சொன்னான். அருணா போனைக் கண்ணாயி பக்கம் திருப்பினார். குளம் பால் போல வெள்ளையாக இருந்தது. கரையில் கொட்டகை கரிய சதுரம். காடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் வரிவரியாக அவளுடைய குச்சி நின்றது. அவள் ஒவ்வொரு வரியையும் பார்த்தாள். எட்டு மாதம் அவள் முதுகு வளைந்த வரிகள் அவை. கண்ணில் நீர் கோத்தது. அதைத் துடைக்காமல் நின்றாள்.

மிச்சமிருந்தது ராசப்பன். குளத்துத் தண்ணீர் பனிக்கட்டி போல இருந்தது என்று இந்த மலையில் பிறந்தவர் சொல்ல மாட்டார், கீழ்நாட்டு ஆள் குளிரைக் கற்பனை செய்து எழுதிய வாசகம் அது என்றார் பிரிசில்லா. மூன்று நாள் முன்பு ராசப்பனே வெதுவெதுப்பு என்று சொன்னதையும் எடுத்துச் சொன்னார். கண்ணாயி அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, அதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ராசப்பன் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தார். “படிச்சுக் காட்டலீங்க. பையனுக்கு விடுதியில வேலை தாரேன்னாங்க. அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. சேந்தமங்கலத்துல ஒரு கல்யாணத்துல இருந்தேன்.”

அருணா நோட்டீஸை ரத்து செய்து அங்கேயே எழுதினார். அறிக்கையைக் காவல்துறைக்கு அனுப்புவதாகவும் சொன்னார். பாலசுப்பிரமணியம் எழுந்து கண்ணாயியின் அருகே வந்து, தவறு நடந்துவிட்டது, இதைப் பெரிதுபடுத்தாமல் விட்டால் இரு தரப்புக்கும் நல்லது என்று தணிந்த குரலில் சொன்னார். கண்ணாயி பதில் தணிந்த குரலில் சொல்லவில்லை.

“எம்பட காட்டக் கல்லுன்னு எழுதுனீங்க. நான் பெருசாத்தான் பண்ணுவேன். மேடம், நானும் ஒரு புகார் எழுதித் தாரேனுங்க.”

புகாரை எழுதும்போதுதான் கோப்பின் கனம் அவள் கண்ணில் பட்டது. தன் தாள் நாலைந்துக்கு மேல் இராது. இதுவோ அரை விரல் தடிமன் இருந்தது. மற்றவை யாருடையவை என்று கேட்டாள். அதே சரிவில் இன்னும் ஆறு குடும்பம் என்றார் அருணா. அதில் நான்கு பேர் ஏற்கெனவே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பொய்யான படத்தைக் காட்டி வாங்கிய சம்மதம் செல்லாது என்று அவர்கள் மனுக் கொடுக்கலாம். ஆனால் அவரவர் நேரில் வந்தாக வேண்டும், பத்திரங்கள் நாளைக் காலை பதிவுக்குப் போகின்றன என்றும் சொன்னார்.

கண்ணாயி அந்த நான்கு பேரின் காட்டுப் படங்களுக்கும் நகல் கேட்டாள். அன்றைய கதையை முழுசாகச் சொல்லித் தீர்க்க மணிவண்ணனுக்கு ஆள் தேவைப்பட்டது. ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். போகும் வழியெல்லாம், தனக்கு முதல் நாளே அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மேல் சந்தேகம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிரிசில்லா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

கண்ணாயி தன் வீட்டில் இறங்கவில்லை. அடுத்த திருப்பத்தில் பெருமாயி வீட்டு முன்னால் நிறுத்தச் சொன்னாள். பெருமாயி அறுபதை நெருங்கியவள். காட்டுக்கு நடுவே ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையை விரித்தாள். போட்ட கையெழுத்து போட்டதுதான், படமே தரிசு என்று சொல்லும்போது தான் என்ன பேச முடியும் என்றாள். ஆபீசுக்குப் போனால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றும் பயந்தாள்.

கண்ணாயி படத்தை வாசலில் விரித்தாள். இதிலும் கீழே ‘காலை 6.10’ என்றுதான் இருந்தது. ஆனால் குளம் இல்லை, தகரம் இல்லை. வெள்ளைக் காட்டின் நடுவே வீடு மட்டும் இருந்தது. மணிவண்ணன் பிரிசில்லாவைப் பார்த்தார். பிரிசில்லா வாயைத் திறக்கவில்லை. கண்ணாயி குந்தி உட்கார்ந்து படத்தை வீட்டின் திசைக்குப் பொருத்தித் திருப்பினாள். ரோடு இந்தப் பக்கம், பாறை அந்தப் பக்கம். வீட்டை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. அவள் விரல் அதன் மேல் நின்றது.

“இங்க மட்டும் மண்ணு குளுந்து கெடக்குது. ஏன் தெரியுமா? ஊட்டு நெழல் உழுந்திருக்குது. எந்தப் பக்கம் உழுந்திருக்குதுன்னு பாருங்க.”

பெருமாயி படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “கெழக்க.”

“கெழக்க நெழல் உழுந்தா பொழுது எங்க இருக்கும்?”

பெருமாயி நிமிர்ந்து மேற்கே பார்த்தாள். சூரியன் அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் வீட்டு நிழல் கிழக்கு வரப்பை நோக்கி நீளத் தொடங்கியிருந்தது. பிறகு மெல்ல எழுந்தாள்.

“விடியக்கால ஆறு மணின்னா என்ர முகத்தப் பாத்துச் சொன்னான்?”

உள்ளே போய் வேறு சேலை உடுத்திக்கொண்டு, பட்டாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினாள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஜீப்பில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. கண்ணாயி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்கு வழி சொன்னாள்.